கர்ப்பகால ரத்தக்கொதிப்பும் ஆய்வுக்கூட எலியும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மருத்துவக் கல்லூரி ஒன்றில் உடலியங்கியல் நடத்துகிறேன். அதற்கு முன் சில ஆண்டுகள் சினை எலிகளை வைத்து ப்ரீஎக்லாம்ப்சியாவை ஆராயும் கூடத்தில் வேலை பார்த்தேன். அன்றிலிருந்து பி.ஜி. மாணவிகள், பிரசவ வார்டு சிஸ்டர்கள், சொந்தக்காரர்கள் என்று பலரும் ஒரே சந்தேகங்களைத்தான் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள். கேட்டவர் வாயில் வந்தபடியே கேள்விகளை எழுதி, எனக்கு உறுதியாகத் தெரிந்ததைப் பதிலாக வைத்திருக்கிறேன்.

முதல்ல இந்த ப்ரீஎக்லாம்ப்சியான்னா என்ன மேடம்? கர்ப்பத்துல பிரஷர் வர்றதுதானே?

பிரஷர் அதன் ஒரு பகுதிதான். இருபது வாரம் தாண்டிய பிறகு ரத்த அழுத்தம் 140/90ஐத் தொட்டு, கூடவே சிறுநீரில் புரதம் போனாலோ, ஈரல், சிறுநீரகம், மூளை, ரத்தத் தட்டணு இவற்றில் ஒன்று பாதிக்கப்பட்டாலோ அது ப்ரீஎக்லாம்ப்சியா. ஓ.பி.யில் ‘யூரின்ல உப்பு இறங்குது’ என்று சொல்கிறார்களே, அது இந்தப் புரதம்தான். சமையல் உப்புக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அழுத்தம் 160/110ஐ எட்டினால் தீவிர வகை. வலிப்பு வந்துவிட்டால் எக்லாம்ப்சியா. சிவப்பணுக்கள் உடைந்து, ஈரல் என்சைம் ஏறி, தட்டணு இறங்கினால் ஹெல்ப் சிண்ட்ரோம்; 1982இல் அமெரிக்க மருத்துவர் லூயிஸ் வைன்ஸ்டீன் வைத்த பெயர் அது.

நூறு கர்ப்பங்களில் இரண்டு முதல் எட்டு வரை இது வருகிறது. உலகில் நடக்கும் பேறுகால மரணங்களில் ஏறத்தாழ 14 சதவீதம் ரத்தக்கொதிப்புக் கோளாறுகளால் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. இதைப் படிப்பவர் கர்ப்பிணியாக இருந்து, விடாத தலைவலி, கண் மங்கல், மேல்வயிற்று வலி, திடீரென முகம் கை வீங்குவது என்று ஏதாவது இருந்தால் மீதியைப் பிறகு படிக்கலாம். இப்போதே ஆஸ்பத்திரிக்குப் போய் பிரஷர் பாருங்கள்.

குழந்தை பொறந்தா சரியாயிடும்னு சொல்றாங்க. அப்போ கோளாறு குழந்தைகிட்டயா?

குழந்தையிடம் இல்லை, நஞ்சுக்கொடியிடம். ‘நஞ்சு விழுந்துச்சா?’ என்று ஊரில் பதறிக் கேட்பார்கள் இல்லையா, அந்த நஞ்சு. இதற்கு நல்ல சாட்சி முத்துப்பிள்ளைக் கர்ப்பம். அதில் பல நேரம் குழந்தையே இருக்காது, நஞ்சுத் திசு மட்டும் திராட்சைக் கொத்துப்போல் பெருகும். அந்தப் பெண்ணுக்கும் ப்ரீஎக்லாம்ப்சியா வரலாம்.

சரியான கர்ப்பத்தில் நஞ்சுக்கொடியின் செல்கள் கருப்பைச் சுவருக்குள் ஆழமாக இறங்கி, அங்குள்ள சுருள் தமனிகளின் தசையைக் கரைத்து, குறுகிய குழாயை அகன்ற வாய்க்காலாக மாற்றிவிடும். இந்த நோயில் அந்த வேலை பாதியில் நின்றுபோகிறது என்பதை 1960, 70களில் புரோசன்ஸ், ராபர்ட்சன், டிக்சன் ஆகியோர் திசுக்களை நுண்ணோக்கியில் பார்த்துக் காட்டினார்கள். குறுகலாகவே நின்ற தமனி வழியே போதிய ரத்தம் வராமல் நஞ்சுக்கொடி திணறுகிறது. அது ரத்தத்தில் விடும் பொருட்கள் தாயின் உடம்பெங்கும் ரத்தக்குழாய்களைக் கெடுக்கின்றன.

அதுக்கு எதுக்கு எலி? கர்ப்பிணிகளையே பாத்துத் தெரிஞ்சுக்கக் கூடாதா?

பார்க்கிறார்கள், நிறையவே பார்க்கிறார்கள். ஆனால் கோளாறு தொடங்குவது மூன்றாம், நான்காம் மாதத்தில். வெளியே தெரிவது ஏழாம், எட்டாம் மாதத்தில். நடுவில் நடப்பதைப் பார்க்க உயிரோடிருக்கும் கர்ப்பத்திலிருந்து கருப்பைச் சுவரைக் கிள்ளி எடுக்க முடியாது. பிரசவத்துக்குப் பிறகு கிடைக்கும் நஞ்சுக்கொடி, தீ அணைந்த பிறகு பார்க்கும் வீடு மாதிரி. எது முதலில் பற்றியது என்று அதை வைத்துச் சொல்ல முடியாது.

ஒரு நோயாளியின் ரத்தத்தில் ஏதோ ஒரு பொருள் அதிகம் இருந்தால், அதனால் நோய் வந்ததா, நோயால் அது ஏறியதா? இதைத் தீர்க்க ஒரே வழி, நோயில்லாத உடம்பில் அந்தப் பொருளை ஏற்றிப் பார்ப்பது. பெண்ணுக்குச் செய்ய முடியாத காரியம் அது. எலி நமக்குத் தேவைப்படுவது இந்த ஓர் இடத்தில்தான்.

எலிக்கு இந்த நோய் தானா வருமா?

வராது. கொரில்லா, சிம்பன்சி போன்ற வாலில்லாக் குரங்குகளில் அபூர்வமாகச் சில நிகழ்வுகள் பதிவாகியிருக்கின்றன. மற்றபடி இது மனிதப் பெண்ணின் நோய். எலிக்குச் சினைக்காலமே மூன்று வாரம்தான். ஒரு வயிற்றில் பத்துப் பன்னிரண்டு குட்டி. நஞ்சுக்கொடி நம்முடையதைப் போலத் தாயின் ரத்தத்தில் நேரடியாக நனைவது உண்மை, ஆனால் உள்ளமைப்பு வேறு. நஞ்சுச் செல்கள் கருப்பைச் சுவருக்குள் எலியில் ஓரளவு ஆழமாகவும் சுண்டெலியில் மேலோட்டமாகவும் இறங்கும்.

நெருங்கி வரும் சில இனங்கள் உண்டு. பிபிஎச்/5 என்ற சுண்டெலிக்கு முன்பே லேசான ரத்தக்கொதிப்பு உண்டு. சினையானதும் கடைசி நாட்களில் அது மேலும் ஏறி, சிறுநீரில் புரதமும் போகும். 2002இல் இதை வெளியிட்டார்கள். உப்பு கூடினால் பிரஷர் ஏறும் டால் என்ற எலி இனமும் அப்படித்தான். ஏற்கெனவே பிரஷர் உள்ள பெண்ணுக்குக் கர்ப்பத்தில் ப்ரீஎக்லாம்ப்சியா மேலே வந்து ஏறுவதற்கு இவை ஒப்பானவை. பிரஷரே இல்லாத தலைப்பிரசவக்காரிக்கு வருவதை இவற்றை வைத்து விளக்க முடியாது.

எங்க வீட்டு நாய் குட்டி போட்ட ரெண்டாவது வாரம் இழுப்பு வந்துடுச்சு. வெட்னரி டாக்டர் எக்லாம்ப்சியான்னுதான் சொன்னார். அப்போ நாய்க்கும் வருதே?

பெயர் ஒன்று, நோய் வேறு. பால் கொடுக்கும் நாய்க்கு, முக்கியமாகச் சிறிய ரக நாய்களுக்கு, ரத்தத்தில் கால்சியம் சட்டென்று இறங்கி உடம்பு விறைத்து இழுக்கும். கால்சியத்தை நரம்பில் மெதுவாக ஏற்றினால் தெளிந்துவிடும். பிரஷருக்கும் நஞ்சுக்கொடிக்கும் அதில் பங்கில்லை. இரட்டைக் குட்டி சுமக்கும் செம்மறி ஆட்டுக்குக் கடைசி மாதத்தில் வரும் ‘கர்ப்ப நச்சு’ நோயும் இதுபோலத்தான். குட்டிகளுக்குக் கொடுத்துத் தாய்க்குச் சக்தி போதாமல் கீட்டோன் ஏறுவதால் வருவது. பெண்களின் ப்ரீஎக்லாம்ப்சியாவுக்கும் முன்பு ‘கர்ப்ப நச்சு’ என்ற பெயர் இருந்ததால் பழைய நூல்களைப் படிப்பவர்கள் குழம்பிப்போகிறார்கள்.

இல்லாத நோயை எப்படி வரவைக்கிறீங்க?

நோயை முழுசாக வரவைப்பதில்லை. சங்கிலியில் ஒரு கண்ணியை மட்டும் உண்டாக்குகிறோம். கருப்பைக்குப் போகும் ரத்தத்தைக் குறைப்பது ஒரு வழி. 1940இல் ஆக்டன், ஹில்டபிராண்ட், பேஜ் மூவரும் சினை நாய்களில் இதைச் செய்து ரத்த அழுத்தம் ஏறுவதைக் காட்டினார்கள். நஞ்சுக்கொடி விடும் பொருளை நேரடியாக ஏற்றுவது இரண்டாவது. ரத்தக்குழாயைத் தளரவைக்கும் நைட்ரிக் ஆக்சைடு சுரப்பதை எல்-நேம் என்ற மருந்தால் தடுப்பது மூன்றாவது. மரபணுவை மாற்றுவது நான்காவது. நோயாளிப் பெண்ணின் ரத்தத்திலிருந்து பிரித்த எதிர்ப்பொருளைச் சினைச் சுண்டெலிக்குச் செலுத்திப் பார்த்ததும் உண்டு. 2008இல் அப்படிச் செய்தபோது பிரஷரும் ஏறியது, புரதமும் போனது.

ஆகவே ‘ப்ரீஎக்லாம்ப்சியா எலி’ என்று யாராவது சொன்னால் எந்தக் கண்ணியை உண்டாக்கிய எலி என்று கேளுங்கள். என் மாணவிகளிடம் நான் வற்புறுத்துவது இந்த ஒன்றைத்தான்.

தமனியில கிளிப் போட்டு கருப்பைக்குப் போற ரத்தத்தைக் குறைக்கிற ஆபரேஷன் எப்படின்னு விவரமா சொல்லுங்களேன்.

இதை ரப் மாடல் என்பார்கள். கருப்பைக்குப் போகும் ரத்த அழுத்தத்தைக் குறைப்பது என்பதன் ஆங்கிலச் சுருக்கம். அமெரிக்காவின் ஜாக்சன் நகரில், மிசிசிப்பி பல்கலைக்கழக மருத்துவ மையத்தில் ஜோயி கிரேஞ்சரின் குழு இதை நிலைநிறுத்தியது. சினையின் 14ஆம் நாள் எலியை மயக்கவாயு கொடுத்து, சூடான மெத்தையில் மல்லாக்கப் படுக்கவைத்து, வயிற்றை நடுவில் திறப்போம். இரண்டு பக்கமும் கருப்பைக் கொம்புகள், கோத்த மணிமாலை மாதிரி. ஒவ்வொரு மணியும் ஒரு குட்டி. ஈரத் துணியால் அவற்றை மூடி ஓரமாக ஒதுக்கினால் முதுகெலும்பை ஒட்டி மகாதமனி துடிப்பது தெரியும். அது கால்களுக்குப் பிரியும் இடத்துக்குச் சற்று மேலே வெள்ளிக் கிளிப்பை மாட்டவேண்டும். கிளிப்பின் இடைவெளி 0.203 மில்லிமீட்டர். மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் போடுவோம். கை ஒரு நூல் நடுங்கினாலும் தமனி கிழிந்துவிடும்.

அதோடு விட்டால் போதாது. எலியின் கருப்பைக்குக் கீழிருந்து ஒரு வழி, மேலே சூலகத் தமனியிலிருந்து இன்னொரு வழி என்று இரு முனையிலும் ரத்தம் வருகிறது. கீழே அடைத்தால் மேலே உள்ள வழி ஈடுகட்டிவிடும். அதனால் இரண்டு சூலகத் தமனிகளிலும் 0.100 மில்லிமீட்டர் கிளிப் ஆளுக்கொன்று. இப்போது கருப்பைக்குப் போகும் ரத்தம் ஏறத்தாழ 40 சதவீதம் குறையும்.

18ஆம் நாள் கழுத்துத் தமனியில் மெல்லிய குழாய் செருகி, 19ஆம் நாள் எலி விழித்திருக்கும்போது அளப்போம். இயல்பான சினை எலிக்குச் சராசரி அழுத்தம் 100ஐ ஒட்டி இருக்கும். கிளிப் போட்டதற்கு இருபது முப்பது கூடும். குட்டிகள் எடை குறைந்திருக்கும், சில கருவிலேயே கரைந்து போயிருக்கும். நான் முதன்முதலில் பார்த்த எலியின் இடது கொம்பில் நாலு குட்டி இருக்கவேண்டிய இடத்தில் கரும்பழுப்பாய் நாலு தடம் மட்டும் இருந்தது. அன்று மதியம் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

தமனியில கிளிப் போட்டா பிரஷர் ஏறத்தானே செய்யும்? இதுல கர்ப்பத்துக்கு என்ன வேலை?

நல்ல கேள்வி. இதைக் கேட்காமல் அந்த ஆய்வை நம்பக் கூடாது. சினையில்லாத எலிக்கும் அதே கிளிப்புகளைப் போட்டுப் பார்த்தார்கள்; பிரஷர் ஏறவில்லை. ஆக, கிளிப் தானாக ஏற்றுவதில்லை, திணறும் நஞ்சுக்கொடி இருந்தால்தான் ஏறுகிறது. வயிற்றைத் திறந்து கிளிப் போடாமல் மூடிய சினை எலிகளையும் கூடவே வைத்திருப்போம். ஆபரேஷனின் அதிர்ச்சியைக் கழித்துப் பார்க்க அது தேவை.

குறைகளும் உண்டு. மகாதமனியை நெரிப்பதால் பின்னங்கால்களுக்கும் ரத்தம் குறைகிறது. இதைத் தவிர்க்கக் கருப்பைத் தமனிகளை மட்டும் நெரிக்கும் மாற்று முறை பிறகு வந்தது. சிறுநீரில் புரதம் சில கூடங்களில் தெரிகிறது, சிலவற்றில் தெரிவதில்லை. எல்லாவற்றையும்விட முக்கியம், நஞ்சுக்கொடி ஏன் சரியாக வேர்விடவில்லை என்ற மூலக் கேள்வியை இந்த மாடல் தொடுவதே இல்லை. ரத்தம் குறைந்த பிறகு என்ன நடக்கும் என்பதை மட்டும் காட்டும்.

எஸ்-ஃப்ளிட்-1, எஸ்-ஃப்ளிட்-1னு கான்ஃபரன்ஸ்ல எல்லாரும் பேசுறாங்க. அது என்ன?

ரத்தக்குழாயின் உட்சுவர் ஆரோக்கியமாக இருக்க வெஜ்எஃப், பிஎல்ஜிஎஃப் என்ற வளர்ச்சிக் காரணிகள் தேவை. சுவர்ச் செல்லில் அவற்றைப் பிடிக்கும் கொக்கிக்கு ஃப்ளிட்-1 என்று பெயர். அந்தக் கொக்கி செல்லில் பதியாமல் தனியே ரத்தத்தில் மிதந்தால் எஸ்-ஃப்ளிட்-1. வழியிலேயே காரணிகளைப் பிடித்து வைத்துக்கொள்வதால் சுவருக்குப் போய்ச் சேருவதில்லை. திணறும் நஞ்சுக்கொடி இதை அள்ளி விடுகிறது.

இதைக் கண்டறிந்த பாஸ்டன் குழுவின் தலைவர் அனந்த் கருமாஞ்சி, சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த சிறுநீரக மருத்துவர். நோயுற்ற பெண்களின் நஞ்சுக்கொடியையும் மற்ற பெண்களின் நஞ்சுக்கொடியையும் ஒப்பிட்டபோது இந்த ஒரு மரபணு தூக்கலாகத் தெரிந்தது. முன்பு சொன்ன சிக்கல்தான் இங்கும்: காரணமா, விளைவா? வைரஸ் ஒன்றின் வழியாக எஸ்-ஃப்ளிட்-1ஐ எலிகளுக்குள் செலுத்தினார்கள். பிரஷர் ஏறியது, சிறுநீரில் புரதம் கொட்டியது, சிறுநீரகத்தின் வடிமுடிச்சுகளில் நுண்குழாய்ச் செல்கள் உப்பி வழியை அடைத்திருந்தன. இந்த நோயுள்ள பெண்களின் சிறுநீரகத்தில் காணும் அதே மாற்றம். 2003இல் வெளிவந்தது.

சினையில்லாத எலிக்கும் ஏற்றினார்கள், அதற்கும் பிரஷர் ஏறியது. கிளிப் மாடலுக்கு நேர் எதிர். முரண்போலத் தோன்றும், இல்லை. கிளிப் நஞ்சுக்கொடி வழியாக வேலை செய்கிறது. எஸ்-ஃப்ளிட்-1 நஞ்சுக்கொடி அனுப்பும் பொருளே என்பதால் அனுப்பியவர் இல்லாமலும் அது வேலையைக் காட்டும். மனிதரிலும் சாட்சி உண்டு: வெஜ்எஃப்பைத் தடுக்கும் பெவாசிசுமாப் என்ற புற்றுநோய் மருந்தைப் போட்டுக்கொள்பவர்களுக்கு, ஆண்களுக்கும்கூட, பிரஷரும் புரத இழப்பும் வருகின்றன.

சரி, இதனால ஒரு கர்ப்பிணிக்கு என்ன லாபம்? ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க பாப்போம்.

ரத்தப் பரிசோதனை. நோய் வெளியே தெரிவதற்கு ஏறத்தாழ ஐந்து வாரம் முன்பே எஸ்-ஃப்ளிட்-1 ஏறத் தொடங்குகிறது என்று 2004இல் பெண்களின் சேமித்த ரத்தத்தில் கண்டார்கள். அதையும் பிஎல்ஜிஎஃப்பையும் விகிதமாகப் பார்க்கும் சோதனை இப்போது நடைமுறையில் இருக்கிறது; 2016இல் வந்த பெரிய ஆய்வில், விகிதம் 38 அல்லது அதற்குக் கீழ் என்றால் அடுத்த ஒரு வாரத்துக்கு நோய் வராது என்று 99 சதவீதத்துக்கும் மேல் உறுதியாகச் சொல்ல முடிந்தது. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2023 மே மாதம் இத்தகைய சோதனையொன்றை அனுமதித்தது. தொடங்கியது பெண்ணின் நஞ்சுக்கொடியில், நடுவில் எலி, முடிந்தது மீண்டும் பெண்ணின் ரத்தத்தில்.

கேட்காத இன்னொன்றும் சொல்கிறேன். கேப்டோப்ரில் என்ற பிரஷர் மருந்து வந்த புதிதில், அது சினை ஆட்டுக்கும் முயலுக்கும் கொடுக்கப்பட்டபோது குட்டிகள் வயிற்றிலேயே இறந்தன. 1980இலேயே அந்த எச்சரிக்கை வெளியானது. அந்த வகை மருந்துகளைக் கர்ப்பிணிக்குக் கொடுக்கக் கூடாது என்பது இன்று ஒவ்வொரு மருத்துவ மாணவிக்கும் தெரியும்.

வீட்டுல மாமியார் என் உடம்புதான் சரியில்லைன்னு சொல்றாங்க. இதுல புருஷன் பக்கம் பங்கே இல்லையா?

உண்டு. அதை அழகாகக் காட்டியதும் சுண்டெலிதான். 1996இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் இரண்டு வகைச் சுண்டெலிகளை எடுத்தார்கள். ஒன்றில் மனித ரெனின் மரபணு, மற்றொன்றில் மனித ஆஞ்சியோடென்சினோஜன் மரபணு. ரெனின் போய் ஆஞ்சியோடென்சினோஜனை வெட்டினால்தான் பிரஷரை ஏற்றும் பொருள் உருவாகும். மனித ரெனின் சுண்டெலியின் ஆஞ்சியோடென்சினோஜனை வெட்டாது, மனிதருடையதைத்தான் வெட்டும். அதனால் தனித்தனியே இரண்டுக்கும் பிரஷர் இல்லை. ரெனின் மரபணு உள்ள ஆணோடு மற்ற வகைப் பெண்ணைச் சேர்த்தபோது, தகப்பன் கொடுத்த மரபணு நஞ்சுக்கொடியில் மனித ரெனினைச் சுரந்து, அது தாயின் ரத்தத்தில் கலந்து, பிரஷர் எகிறியது. குட்டி ஈன்றதும் இறங்கிவிட்டது. ஜோடியைத் திருப்பிப் போட்டால் ஏறவில்லை.

நஞ்சுக்கொடி பாதி தகப்பனுடையது. அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் 2001இல் வெளிவந்த ஆய்வு, ப்ரீஎக்லாம்ப்சியா கர்ப்பத்தில் பிறந்த ஆண்களின் மனைவிமாருக்கும் அந்த நோய் வரும் வாய்ப்பு கூடுதல் என்று காட்டியது. உங்கள் மாமியாரிடம் அவருடைய பிரசவத்தில் பிரஷர் இருந்ததா என்று கேட்டு, உங்கள் டாக்டரிடம் சொல்லுங்கள். பழிபோட இல்லை, அந்தத் தகவல் டாக்டருக்கு உதவும்.

வலிப்பு வர்ற எலி இருக்கா? ஹெல்ப் வர்ற எலி?

கிளிப் போட்ட எலி தானாக வலிப்புக்குப் போவதில்லை. அதனால் வலிப்பைத் தூண்டும் மருந்தைச் சிறிது சிறிதாக ஏற்றி, எவ்வளவில் வலிப்பு வருகிறது என்று பார்ப்பார்கள். நோய் மாடல் எலிக்குக் குறைந்த அளவிலேயே வந்துவிடுகிறது. மெக்னீசியம் சல்பேட் கொடுத்தால் அந்த வரம்பு மறுபடி உயர்கிறது. அமெரிக்காவில் வெர்மான்ட் பல்கலைக்கழகத்தின் மர்லின் சிப்போல்லாவின் குழு இதில் நிறைய வேலை செய்திருக்கிறது.

ஹெல்ப் விஷயத்தில் 2006 ஆய்வு முக்கியம். எஸ்-ஃப்ளிட்-1 மட்டும் ஏற்றாமல், நஞ்சுக்கொடி விடும் இன்னொரு புரதமான கரையும் எண்டோக்ளினையும் சேர்த்து ஏற்றியபோது சினை எலிகளில் ஈரல் கெட்டு, தட்டணு இறங்கி, சிவப்பணு உடைந்தது.

மெக்னீசியம், ஆஸ்பிரின் ரெண்டும் எலியில கண்டுபிடிச்சதுதானே?

இரண்டுமே இல்லை, இதை நேர்மையாகச் சொல்லியாக வேண்டும். மெக்னீசியம் 1920களிலேயே பிரசவ வார்டுகளில் புழக்கத்தில் இருந்தது. 2002இல் 33 நாடுகளில் பத்தாயிரம் பெண்களுக்கு மேல் சேர்த்து நடந்த மேக்பை ஆய்வு, அது எக்லாம்ப்சியா வாய்ப்பைப் பாதிக்கும் மேல் குறைக்கிறது என்று நிறுவியது. முன் பதிலில் சொன்ன எலிகள் அதன் பிறகுதான் ‘எப்படி’ என்பதை விளக்க வந்தன. ஆஸ்பிரின் சாப்பிட்டிருந்த கர்ப்பிணிகளுக்கு இந்த நோய் குறைவாக வருவதை 1979இல் மருத்துவர்கள் கவனித்தார்கள். 2017இன் ஆஸ்ப்ரே ஆய்வில், அதிக ஆபத்துள்ளவர்களுக்குப் பதினோராவது முதல் பதினான்காவது வாரத்துக்குள் தொடங்கி இரவில் 150 மில்லிகிராம் கொடுத்தபோது, 37 வாரத்துக்கு முன் வரும் ப்ரீஎக்லாம்ப்சியா 62 சதவீதம் குறைந்தது. யாருக்கு வேண்டும் என்பதை டாக்டர்தான் முடிவு செய்யவேண்டும். நீங்களாக வாங்கிச் சாப்பிடாதீர்கள்.

எலியில நல்லா வேலை செஞ்ச மருந்து பொம்பளைங்களுக்கு ஏன் பலிக்கல?

பிரவாஸ்டாடினை எடுத்துக்கொள்வோம். 2011இல் ஜப்பானில், நஞ்சுக்கொடியில் மட்டும் எஸ்-ஃப்ளிட்-1 கூடுமாறு செய்த சுண்டெலிகளுக்கு இந்தக் கொழுப்பு மாத்திரை பிரஷரையும் புரதத்தையும் இறக்கியது. 2021இல் வெளிவந்த ஆய்வில், 35 முதல் 37 வார அளவில் இருந்த 1,120 கர்ப்பிணிகளுக்குக் கொடுத்தபோது ஒரு பயனும் தெரியவில்லை. சுண்டெலியின் நோய்க்கு ஒரே காரணம், அதையும் நாமே வைத்தோம். பெண்ணின் நோய்க்குக் காரணம் பல. அந்த வாரத்தில் அது பெரும்பாலும் முற்றியும் இருக்கும்.

சில்டெனாஃபில் கதை வேதனையானது. கருப்பை ரத்த ஓட்டத்தைக் கூட்டும் என்று விலங்குகளில் நம்பிக்கை தந்த மருந்து. வளர்ச்சி குன்றிய கருவைச் சுமந்த தாய்மாருக்குக் கொடுத்துப் பார்த்த நெதர்லாந்து ஆய்வு 2018இல் பாதியில் நிறுத்தப்பட்டது. மருந்து பெற்ற பிரிவில் பிறந்த குழந்தைகளுக்கு நுரையீரல் ரத்தக்குழாய்க் கோளாறு அதிகம் கண்டது. சினை எலி ஆய்வுகள் பெரும்பாலும் பிரசவத்துக்கு முன்பே முடிந்துவிடுகின்றன. பிறந்த குட்டி முதல் மூச்சு எப்படி விடுகிறது என்பதை இருந்து பார்க்காமல் மருந்தைப் பரிந்துரைக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

அப்போ எலியை விட்டுட்டுக் குரங்குலயே பண்ணலாமே?

பபூன் நமக்கு இன்னும் நெருக்கம்தான்: ஆறு மாதச் சினை, ஒரே குட்டி, நம்முடையதை ஒத்த நஞ்சுக்கொடி. சிட்னியில் ஒரு பக்கக் கருப்பைத் தமனியை மட்டும் கட்டிவிட்டபோது பிரஷர், புரதம், எஸ்-ஃப்ளிட்-1 மூன்றும் ஏறியதை 2007இல் வெளியிட்டார்கள். ஆனால் செலவும் காலமும் அதிகம், கிடைக்கும் எண்ணிக்கை மிகக் குறைவு. அதைவிட, குரங்கின் கண்ணைப் பார்த்துவிட்டு அந்த வேலையை லேசாக எடுத்துக்கொள்ள முடியாது. மனிதருக்குப் போவதற்கு முந்தைய கடைசிப் படியாக மட்டும் அது இருப்பதுதான் சரி.

எட்டுத் தாய் எலி, ஆளுக்குப் பன்னிரண்டு குட்டி. மொத்தம் 96ன்னு எடுத்துக்கிட்டேன். கைடு திட்டுறார். என்ன தப்பு?

கைடு சொல்வதுதான் சரி. மருந்தும் கிளிப்பும் தாய்க்குப் போனவை. ஒரே வயிற்றுக் குட்டிகள் ஒரே விதியைப் பகிர்கின்றன. உங்கள் எண்ணிக்கை எட்டுதான். 96 என்று போட்டால் இல்லாத வித்தியாசமும் இருப்பதாகத் தெரியும். ஒவ்வொரு தாயின் குட்டிகளுக்கும் சராசரி எடுங்கள், அல்லது தாயைக் கணக்கில் வைக்கும் புள்ளியியல் முறையைப் புள்ளியியலாளரிடம் கேட்டு வாங்குங்கள். எல்லாக் குட்டியும் கரைந்துபோன தாயைக் கணக்கிலிருந்து விலக்கியிருந்தால் அதையும் ஆய்வேட்டில் எழுதவேண்டும். மறைத்தால் மாடல் உண்மையைவிட மென்மையாகத் தெரியும்.

வாலில் பட்டை கட்டி பிரஷர் எடுத்திருந்தால் எத்தனை நாள் பழக்கினீர்கள் என்பதையும் எழுதுங்கள். குழாய்க்குள் அடைபட்டு மிரண்ட எலிக்குப் பிரஷர் எப்படியும் ஏறும்.

வாயில்லாச் சீவன், அதுவும் வயித்துப்பிள்ளைக்காரி. பாவம் இல்லையா அக்கா?

பாவம்தான். இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வராது. நான் அந்த வேலையைச் செய்தேன், இன்றும் தேவை என்றே நம்புகிறேன். அதனாலேயே விதிகளை விட்டுக்கொடுக்கக் கூடாது என்கிறேன். மாற்று இருந்தால் விலங்கு வேண்டாம், எண்ணிக்கையைக் குறை, வேதனையைக் குறை என்ற மூன்று நெறிகளை 1959இல் ரஸ்ஸல், பர்ச் இருவரும் வகுத்தார்கள். இந்தியாவில் 1960ஆம் ஆண்டு விலங்கு வதைத் தடைச் சட்டத்தின் கீழ் ஒவ்வொரு நிறுவனத்திலும் நெறிக்குழு உண்டு. அதன் ஒப்புதல் இல்லாமல் ஒரு எலியைக்கூடத் தொடக் கூடாது. குரங்கு போன்ற பெரிய விலங்கு என்றால் மத்தியக் குழுவின் அனுமதியும் வேண்டும்.

எத்தனை எலி வேண்டும் என்று முன்கூட்டியே கணக்குப் போடாத ஆய்வு என் கண்ணில் இரட்டைப் பாவம். எலியும் செத்தது, பதிலும் கிடைக்கவில்லை.

சிப்லயே நஞ்சுக்கொடி செய்றாங்களாமே? இனிமே எலி எதுக்கு?

நஞ்சுச் செல்களை முப்பரிமாண உருண்டைகளாக வளர்க்கும் முறை 2018இல் வந்துவிட்டது, சின்னத் தகட்டில் செல்களை வளர்க்கும் சிப்களும் வருகின்றன. செல்கள் எப்படி இறங்குகின்றன என்ற கேள்விக்கு அவை எலியைவிட நல்லவை, மனிதச் செல் அல்லவா. ஆனால் சிப்புக்குச் சிறுநீரகமும் மூளையும் கிடையாது, பிரஷரும் கிடையாது.

பிரசவம் முடிஞ்சதும் எல்லாம் போயிடும்ல?

உடனே போய்விடாது. பிரசவத்துக்குப் பின்னும், முக்கியமாக முதல் வாரத்தில், வலிப்பு வரலாம். அதனால்தான் வீட்டுக்கு அனுப்பிய பிறகும் பிரஷர் பார்க்கச் சொல்கிறார்கள். பல ஆண்டு கழித்து இதயநோய், பக்கவாதம் வரும் வாய்ப்பும் இந்தப் பெண்களுக்கு ஏறத்தாழ இரு மடங்கு.

முன்பே அவர்கள் உடம்பில் இருந்த பலவீனமா, நோய் விட்டுப்போன தழும்பா என்பது பெண்களை மட்டும் பார்த்துப் பிரிக்க முடியாத கேள்வி. 2015இல் சுண்டெலிகளில் பார்த்தார்கள். சினையில் எஸ்-ஃப்ளிட்-1 ஏற்றி, ஈன்ற பிறகு பிரஷர் இயல்புக்குத் திரும்பும்வரை விட்டு, அதன் பிறகு கழுத்துத் தமனியில் சிறு காயம் செய்தார்கள். முன்பு நோயுற்ற சுண்டெலியின் தமனி மற்றதைவிட அதிகமாகத் தடித்தது. தழும்பும் ஒரு காரணம் என்று அதனால் சொல்ல முடிகிறது. கிளிப் போட்ட எலிகளின் ஆண் குட்டிகளுக்கும் வளர்ந்தபின் பிரஷர் ஏறியது.

நிஜமாவே ஒரு மருந்து வருமா, இல்ல எலியோடயே நின்னுடுமா?

எனக்கு நம்பிக்கை தருவது ஒன்று. எஸ்-ஃப்ளிட்-1 உருவாகும் முன்பே அதன் ஆர்என்ஏவை, அதாவது அதைச் செய்யச் செல் படிக்கும் செய்முறைக் குறிப்பை, சிதைக்கும் குறு ஆர்என்ஏ துண்டுகளை முதலில் சினைச் சுண்டெலியிலும், பிறகு மேலே சொன்ன பபூன் மாடலிலும் சோதித்து 2018இல் வெளியிட்டார்கள். ஒரே ஒரு ஊசிக்குப் பிறகு பபூனின் ரத்தத்தில் எஸ்-ஃப்ளிட்-1 இறங்கியது. பிரஷரும் புரதமும் குறைந்தன. பிரஷரை மட்டும் இறக்கும் லபெடலால், நிஃபெடிபின் போல இல்லாமல், நஞ்சுக்கொடி அனுப்புவதையே குறைக்கும் வைத்தியம் இது.

பார்த்தது விரல்விட்டு எண்ணக்கூடிய பபூன்கள்தான். இருபத்தாறு வாரத்தில் தீவிர நோயோடு வரும் தாய்க்கு இன்று தாயைக் காப்பதா, கருவுக்கு இன்னும் சில நாள் வாங்குவதா என்று நாள் நாளாக எண்ணுகிறார்கள். இந்த ஊசி பெண்களிலும் பலித்து இரண்டு வாரம் கிடைத்தால் அந்தக் குழந்தை இருபத்தெட்டு வாரத்தில் பிறக்கும்.